நாலாயிரத்து நூற்றுப் பதினொரு தலைகள்

நவநீதனுக்கு இருபத்தாறு வயதில் முடி கொட்ட ஆரம்பித்தது. சந்தேகம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. அது தொழில் கொடுத்த குணம். கோயம்புத்தூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்தான கார்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவன் வேலை. "நாய் குறுக்கே வந்துருச்சுங்க" என்பார்கள். பம்பரில் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். "டிரைவர்தான் ஓட்டினாருங்க" என்பார்கள். சீட் பன்னிரண்டு வயதுப் பையன் உட்காரும் அளவுக்கு முன்னால் இழுத்துவிடப்பட்டிருக்கும். எட்டு வருடம் இதையே பார்த்தவனுக்கு, யாராவது "வணக்கம்" என்றால்கூட எதற்கு என்று யோசிக்கத் தோன்றும்.

ஆனால் கண்ணாடியில் தெரிந்த தன் தலையை அவன் வெகுநாள் சந்தேகப்படவில்லை. ஹெல்மெட்டால் என்று நினைத்தான், தண்ணீரால் என்று நினைத்தான். நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறி, உச்சியும் தெரிந்து, பின்னந்தலையும் மெலிந்த பிறகுதான் ஒத்துக்கொண்டான். வெங்காயச் சாறு தேய்த்தான். தோல் டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு வருடம் தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் கைவிட்டது. ஒருமுறை மொத்தமாக மழித்துக்கொண்டு அலுவலகம் போனான். மதியத்துக்குள் ஏழு பேர் "பழனிக்கா?" என்று கேட்டார்கள். எட்டாவது ஆள் கேட்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல யாருங்க தவறிட்டாங்க?" என்றார்.

மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்றாவது இடம் பொள்ளாச்சி. பெண்ணின் தாய்மாமன் வாசலுக்கு வந்து வரவேற்று, அவனைப் பார்த்து, "நீங்க மாப்பிள்ளையோட அண்ணனுங்களா? மாப்பிள்ளை பின்னாடி வண்டில வர்றாருங்களா?" என்று கேட்டார்.

"நான்தானுங்க மாப்பிள்ளை" என்றான் நவநீதன்.

காபியை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா, "அந்தாளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு கண்ணு, விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் போய் அழுதாள். அந்த வாரம்தான் அவன் கேசவனம் மருத்துவமனைக்குப் போனான்.

கேசவனம் அப்போது திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே டாக்டர் ஷர்மிளா அவன் தலையை ஒரு கருவியால் தடவிப் பார்த்து, திரையில் காட்டினார்.

"சாதாரணமா பின்னந்தலையில இருந்து எடுத்து முன்னால நடுவோம். உங்களுக்குப் பின்னாலயும் மெலிஞ்சிருக்கு. அங்கிருந்து எடுத்து நட்டாலும் நாலு வருசத்துல கொட்டிடும். அதனால லேப்ல வளர்த்த வேரை நடறோம். தினமும் ஒரு மாத்திரை. உங்க உடம்பு அதை வெளியாள்னு நினைச்சுத் தள்ளாம இருக்கறதுக்கு."

"லேப்ல வளர்த்ததுன்னா, எதுல இருந்து வளர்த்தது?"

"செல்லுல இருந்துதான்."

"யாரோட செல்லு?"

டாக்டர் சிரித்தார். "தயிருக்கு உறை ஊத்தறோம். அந்த உறை எந்த வீட்டுதுன்னு கேட்டுட்டா சாப்பிடறோம்?"

நவநீதனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கேள்விக்கு உவமையில் பதில் வந்தால் அங்கே ஏதோ மறைந்திருக்கிறது என்பது அவன் தொழிலில் முதல் பாடம். ஆனால் பொள்ளாச்சித் தாய்மாமன் கண்முன்னால் நின்றார். சிகிச்சையைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று இருந்த படிவத்திலும் கையெழுத்துப் போட்டான்.

ஆறு மாதத்தில் தலை நிறைந்துவிட்டது. சின்ன வயதிலும் அவனுக்கு இல்லாத முடி. அவனுடையது மெல்லியது, வெயிலில் பழுப்படிக்கும். இது தடித்து, லேசாகச் சுருண்டு, கருகருவென்று இருந்தது. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். முடிவெட்டும் கனகராஜ் மட்டும் சீப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பத்து வருசமா உங்க தலையைப் பாக்கறேன். இது உங்க முடி மாதிரி இல்லீங்களே."

நவநீதன் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போக ஆரம்பித்தான்.

நான்காவதாகப் பார்த்த பெண் மிருதுளா. பிசியோதெரபிஸ்ட். நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். முடி விஷயத்தை அவளிடம் சொல்ல அவன் இரண்டு மூன்று முறை வாயெடுத்தான். ஒவ்வொரு முறையும் அவள் வேறு ஏதோ பேசினாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் அவிநாசி சாலையில் அந்த விபத்து நடந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சாலையைப் பெருக்கிக்கொண்டிருந்த சரோஜா என்ற தூய்மைப் பணியாளரை ஒரு பெரிய கார் அடித்துவிட்டுப் போனது. அந்த இடத்திலேயே அவர் உயிர் போய்விட்டது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மரத்தில் மோதி நின்ற காரை ஆளில்லாமல் கண்டுபிடித்தார்கள். நூற்பாலை முதலாளி ஜெகநாதனுடைய கார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டதாகவும், யாரோ திருடிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றும் அவர் காலை எட்டு மணிக்குப் புகார் கொடுத்தார். காப்பீட்டுத் தொகைக்கும் விண்ணப்பித்தார்.

மறுநாள் மதியம் நவநீதன் காவல் நிலைய வளாகத்துக்குப் போய்க் காரைப் பார்த்தான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தை அளந்தான். சீட் முழுக்கப் பின்னால் தள்ளியிருந்தது. ஆறடிக்கு மேல் உயரமுள்ளவன் உட்காரும் இடம். ஜெகநாதன் குள்ளம். அவருடைய மகன் ரித்விக் ஆறடி இரண்டு அங்குலம். 'திருடன் நல்ல உயரமான ஆளாகத்தான் கிடைத்திருக்கிறான்' என்று நவநீதன் குறிப்பேட்டில் எழுதி, பிறகு அடித்தான்.

பத்து நாள் கழித்துத் திருடன் கிடைத்துவிட்டான் என்று செய்தி வந்தது. ஓட்டுநர் இருக்கைப் பகுதியில் ஒரு முடி கிடைத்ததாம். அதன் மரபணு, அரசின் பதிவேட்டில் இருந்த பச்சையப்பன் என்பவனோடு அச்சாகப் பொருந்திவிட்டதாம். தர்மபுரிப் பக்கத்து ஆள். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவன். இரண்டு வருடம் முன்பு கூலி உயர்வு கேட்டு மறியல் செய்து கைதானபோது எல்லாரிடமும் மரபணுச் சோதனைக்கு எச்சில் எடுத்திருந்தார்கள்.

நவநீதன் காவல் நிலையத்துக்குப் போனபோது பச்சையப்பனை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போக வெளியே கொண்டுவந்தார்கள். ஐந்தடி மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். அந்த சீட்டில் உட்கார்ந்தால் கால் பிரேக்குக்கு எட்டாது.

அன்று மாலை அலுவலகத்தில் போலீஸ் அனுப்பிய நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். பச்சையப்பனின் வாக்குமூலம் ஒரு பக்கம்தான். அன்று விடியற்காலை மார்க்கெட்டில் வெங்காய லாரி இறக்கிக்கொண்டிருந்தான். பதினான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். கார் ஓட்டவே தெரியாது. கடைசியில் இரண்டு வரி: 'என் முடி அங்கே எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. மூணு வருசம் முன்ன கேசவனம்னு ஒரு ஆஸ்பத்திரிக்காரங்க மார்க்கெட்டுக்கு வந்து, ஆராய்ச்சிக்குன்னு பின்னந்தலையில பட்டாணி அளவு தோல் எடுத்துக்கிட்டாங்க. ஒரு செல்போன் குடுத்தாங்க. வேற யாருக்கும் நான் எதுவும் குடுக்கலை.'

நவநீதன் அந்த வரியைப் படித்தான். கை தானாகத் தலைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

அவன் அந்தக் காருக்குள் தலையை விட்டிருக்கிறான். தடயவியல் ஆட்கள் வந்தது அதற்கு அடுத்த நாள்.

மறுநாள் காலை முதல் ஆளாகக் கேசவனத்துக்குப் போனான். டாக்டர் ஷர்மிளா முதலில் மறுத்தார். அவன் வாக்குமூலத்தின் நகலை மேஜையில் வைத்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நூத்தி எண்பது பேர்கிட்ட எடுத்தோம். ஒருத்தரோடதுதான் நல்லா வளர்ந்துச்சு. எந்த உடம்புல நட்டாலும் பெரிசா சண்டை போடாம ஒட்டிக்குது. அதையே பெருக்கினோம்."

"அப்போ என் தலையில இருக்கறது அந்தப் பச்சையப்பனோட முடி."

"வேர் அவரோடது. வளர்க்கறது உங்க ரத்தம்."

"முடியைப் பிடுங்கி டெஸ்ட் பண்ணினா யார் பேர் வரும்?"

டாக்டர் வாக்குமூலத்தின் நகலைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினார்.

"எத்தனை பேருக்கு நட்டிருக்கீங்க?"

"நாலாயிரத்து நூத்திப் பதினொண்ணு. நேத்து வரைக்கும்."

"இப்படி ஆகும்னு யோசிக்கலையா?"

"கொட்டற முடியை எப்படிப் பிடிச்சு நிறுத்தறதுன்னுதான் மிஸ்டர் நவநீதன் யோசிச்சோம். கொட்டின முடி எங்க போகும்னு யோசிக்கலை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க போலீஸ்ல சொன்னா நாங்க மறுக்கத்தான் செய்வோம். பேஷன்ட் பட்டியல் யார் கேட்டாலும் வெளிய போகாது. அதுல பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க. உங்க கையெழுத்தும் எங்ககிட்ட இருக்கு. தை மாசம் கல்யாணம்னு சொன்னீங்க, இல்லையா?"

அதை எப்போது சொன்னோம் என்று நவநீதன் யோசித்தான். சொல்லவேயில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கவில்லை. காந்திபுரம் வரை நடந்தான். வழியெல்லாம் எதிரே வரும் ஆண்களின் தலையைப் பார்த்தான். தடித்து, லேசாகச் சுருண்ட, கருகருவென்ற முடி. வங்கி வாசலில் ஒருவர். கல்லூரிப் பேராசிரியர் மாதிரி ஒருவர். சிக்னலில் பக்கத்து வண்டியில் ஒருவன் அவன் தலையைப் பார்த்தான், அவன் அந்த ஆளின் தலையைப் பார்த்தான், இரண்டு பேரும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முதலில் மிருதுளாவிடம்தான் சொன்னான். அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில். அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"நீங்க வழுக்கைங்கறது ஒரு விசயமா எனக்கு? தினமும் இடுப்பு உடைஞ்சவங்க, கை வராதவங்களத்தான் பாக்கறேன். சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மிருதுளா."

"உங்க தலைமுடி உங்களுதுங்களான்னு பொண்ணு பாக்க வந்தவரை யாராச்சும் கேப்பாங்களா?" அவள் காபியைத் தள்ளி வைத்தாள். "இப்போ எனக்கு என்ன தோணுதுன்னா, நீங்க சொல்ற எதையும் ரெண்டாவது தடவை யோசிக்கத் தோணுது. அது நல்லா இல்லைங்க. போலீஸுக்குப் போங்க. எங்க வீட்ல நான் பேசிக்கறேன்."

அவள் வீட்டில் பேசினாள். ஆனால் அவள் அப்பா பேசியதுதான் நடந்தது. இரண்டு நாளில் நிச்சயதார்த்தத் தட்டும் புடவையும் திரும்பி வந்தன. அம்மா அவனிடம் ஒரு வாரம் பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் ஸ்டெல்லா ஐம்பதை நெருங்கியவர். நவநீதன் சொல்வதைக் கேட்கும்போது எழுதாமல் பேனாவை மூடி வைத்திருந்தார். அவன் தன் தலையிலிருந்து நான்கு முடியை வேரோடு பிடுங்கி ஒரு காகிதத்தில் வைத்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மேடம், அந்தக் கார்ல கிடைச்ச முடி என்னோடது. சீட்டை அளக்கறப்ப விழுந்திருக்கு. டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பச்சையப்பன் பேர்தான் வரும். அந்த மனுசன் ஒண்ணும் பண்ணலை. என்னாலதான் உள்ள இருக்காரு."

"வேலை போயிடும், தெரியுமா? சோதனை முடியறதுக்கு முன்னால தலையை உள்ள விட்டிருக்கீங்க."

"தெரியும் மேடம்."

இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்தார். அவருக்கும் தொழில் அதே குணத்தைத்தான் கொடுத்திருந்தது. "இந்தப் பச்சையப்பனுக்காக யார் உங்களை அனுப்பினாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை."

"ஜெகநாதனுக்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறா?"

"அவரை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் முடியை உறையில் போட்டு அனுப்பிவைத்தார். பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார்.

"நீங்க சொன்னது நிஜம். உங்க எச்சில்ல நீங்க. உங்க முடியில பச்சையப்பன். முப்பது வருச சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. கார்ல கிடைச்ச முடி உங்களுது இல்லை."

"அதெப்படி மேடம்? ரெண்டுமே ஒரே மரபணுதானே. எப்படிப் பிரிச்சுச் சொல்றாங்க?"

"முடியை வெச்சுப் பிரிக்கலை. இருந்த இடத்தை வெச்சு." ஒரு புகைப்படத்தை அவன் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு வந்த நகல்ல இருக்கைப் பகுதின்னு மட்டும் போட்டிருப்பாங்க. முடி இருந்தது ஏர்பேக்ல."

நவநீதன் படத்தைக் கையில் எடுத்தான். சுருங்கித் தொங்கும் வெள்ளைத் துணி. ஓரத்தில், சூடான வாயு வெளியேறும் ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு கருப்பு முடி பாதி பொசுங்கித் துணியோடு உருகி ஒட்டியிருந்தது.

நூறு ஏர்பேக் பார்த்தவன் அவன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது ஒரு தடவைதான் விரியும் மேடம். அந்தச் சூடும் அரை நொடிதான். நான் பார்க்கப் போனப்ப அது ஆறி ஒண்ணரை நாள் ஆயிடுச்சு. இப்படி உருகி ஒட்டணும்னா, மோதின அந்த நிமிசத்துல அந்தத் தலை அங்க இருந்திருக்கணும்."

"அதனாலதான் பச்சையப்பன்னு நான் அடிச்சுச் சொன்னேன். பதினாலு பேர் சாட்சி சொன்னப்பகூட எல்லாரும் கூட்டாளிங்கன்னு நினைச்சேன்." இன்ஸ்பெக்டர் தேநீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நீங்க வந்து சொல்ற வரைக்கும் ஒரு மரபணுன்னா எனக்கு ஒரு ஆளுதான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரை நினைத்தார்கள். நவநீதன்தான் வாய்விட்டுச் சொன்னான்.

"ரித்விக்குக்கு இருபத்து மூணு வயசு. ரெண்டு வருசம் முன்னால எடுத்த போட்டோ ஏதாவது இருக்குதுங்களா?"

இருந்தது. கல்லூரி அடையாள அட்டை. நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறி, உச்சி தெரிந்து, கேமராவைப் பார்க்கக் கூச்சப்படும் ஒரு பையன். நவநீதனுக்கு அந்தக் கூச்சம் நன்றாகத் தெரியும். ஒரு கணம் அவன்மேல் பாவமாகக்கூட இருந்தது. பிறகு சரோஜாவின் துடைப்பம் சாலையில் கிடந்த படம் நினைவுக்கு வந்தது.

நீதிமன்ற உத்தரவு வாங்க ஒரு வாரம் ஆனது. ரித்விக் அதற்குள் தலையை மழித்துக்கொண்டான். மழித்தால் என்ன, வேர் உள்ளே இருக்கிறதே. மருத்துவர் தோலில் ஒரு ஊசிமுனை அளவு எடுத்தார். எச்சிலில் ரித்விக், தலையில் பச்சையப்பன். பையன் அன்று மாலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

இதெல்லாம் செய்தித்தாள்களில் வந்தது. கேசவனத்தின் பட்டியல் மட்டும் வரவில்லை. அதை யாருக்கும் காட்டக்கூடாது என்று மூன்று வக்கீல்கள் தடை வாங்கிவிட்டார்கள். நவநீதனுக்கு வேலை போனது. மிருதுளா ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாத்திரையை நிறுத்தி, அந்த முடியெல்லாம் கொட்டி முடிஞ்சப்புறம் ஒரு நாள் வந்து பாருங்க. அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். அவன் அதை எந்தப் பக்கம் வைத்துப் புரிந்துகொள்வது என்று தெரியாமல், வேண்டிய பக்கம் வைத்துக்கொண்டான்.

பச்சையப்பன் வெளியே வந்த அன்று நவநீதன் சிறை வாசலுக்குப் போனான். காலை பதினோரு மணி வெயில். நாற்பத்தேழு நாள் உள்ளே இருந்தவன், கையில் ஒரு துணிப்பையோடு வந்தான். உள்ளே மழித்துக்கொண்ட மொட்டைத் தலை. பக்கத்தில் அவன் மனைவி அலமேலு.

நவநீதன் போய் நின்று, பெயர் சொல்லி, நடந்ததைச் சொன்னான். மன்னிப்பும் கேட்டான். பச்சையப்பன் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரப் பிள்ளையை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"எண்ணெ வெக்கறதில்லீங்களா சார்?" என்றான் கடைசியில். "இது காஞ்சா முரடாயிடும்."

நவநீதன் இல்லை என்று தலையாட்டினான்.

"மொத்தம் எத்தினி பேரு?"

"நாலாயிரத்து நூத்திப் பதினொண்ணு."

சாலையில் ஒரு வேன் நிறைய இளைஞர்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். பச்சையப்பன் வேன் திருப்பத்தில் மறையும்வரை பார்த்தான்.

"அவங்கல்லாம் நல்லவங்களா சார்?"

"தெரியலீங்க."

"நான் இனிமே எங்க போனேன், யாரைப் பாத்தேன்னு தினமும் எழுதி வெக்கணுமா?"

"எழுதி வெச்சா மட்டும்?" என்றாள் அலமேலு. "பதினாலு பேரு வாயால சொன்னதையே நம்பலை."

"நான் மாத்திரையை நிறுத்திட்டேங்க" என்றான் நவநீதன். சொல்வதற்கு அது ஒன்றுதான் அவனிடம் இருந்தது. "மூணு மாசத்துல எல்லாம் கொட்டிடும்."

பச்சையப்பன் தலையசைத்தான். நன்றி என்றோ சரி என்றோ சொல்லவில்லை. "அப்ப நாலாயிரத்து நூத்திப் பத்து" என்றான்.

பேருந்து வந்து நின்றது. அலமேலு ஏறிவிட்டாள். படியில் கால் வைத்த பச்சையப்பன் நிமிர்ந்து உள்ளே பார்த்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு ஆளின் தலை முழுக்கத் தடித்து, லேசாகச் சுருண்ட, கருகருவென்ற முடி. பச்சையப்பன் காலைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"எறங்கு" என்றான் மனைவியிடம். "அடுத்த வண்டியில போலாம்."